கணக்கில் வந்தவர்களும் வராதவர்களும்



'குடும்ப வரலாறும் பழைய ஆவணங்களும்' என்பது இந்த உரைக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். நம்மில் பலருக்கும் கொள்ளுத்தாத்தா பெயர் வரை தெரியும். அதற்குமேல் தெரியாது. திதி கொடுக்கும் வீடுகளில் தகப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதால் மூன்று பெயர் மனத்தில் நிற்கிறது. நான்காவது பெயருக்குக் காகிதத்தைத்தான் தேடிப் போக வேண்டும். அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லாமலே போனது என்பதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நம் முன்னோரை யாரும் நினைவுகூர்வதற்காக எழுதிவைக்கவில்லை. தீர்வை வசூலிக்க, மானியத்தைச் சரிபார்க்க, கடனுக்கு ஈடு பிடிக்க, கூலியாளைக் கப்பலேற்ற எழுதினார்கள். எழுதியவருக்கு எந்த அளவு தேவையோ அந்த அளவுதான் பெயரும் விவரமும் இருக்கும். ஆகவே, தேடப் புறப்படுகிறவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது: என் முன்னோர் யாருடைய கணக்குக்குத் தேவைப்பட்டார்? நிலம் வைத்திருந்தவருக்கு இதற்கு ஒரு விடை, பெண்ணுக்கு இன்னொன்று, நிலமில்லாதவருக்கு முற்றிலும் வேறொன்று.

தலையெண்ணிய கணக்கு

இங்கிலாந்தில் 1841 தொடங்கி வீடு வீடாகப் பெயர் எழுதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நூறாண்டு கழித்து அவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-இல் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் 72 ஆண்டு காத்திருந்தால் போதும். இதைப் படித்துவிட்டு, 'சென்சஸில் எங்கள் தாத்தா பெயரைப் பார்க்க முடியுமா?' என்று இங்கேயும் பலர் கேட்கிறார்கள். முடியாது.

சென்னை மாகாணத்தில் 1871-இல் விரிவான கணக்கெடுப்பு நடந்தது. அதன் அறிக்கையை எழுதியவர் கார்னிஷ் என்ற மருத்துவ அதிகாரி. இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணியது 1881-இல். எண்ணியவர்கள் வீடு வீடாகப் போய் எழுதத்தான் செய்தார்கள். ஆனால் அரசுக்கு வேண்டியிருந்தது தொகை. கூட்டிப் பெருக்கி அட்டவணை போட்டபின் மூலத்தாளைக் காப்பாற்றி வைக்கும் தேவை அதற்கு இருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் சென்சஸ் சட்டமோ கணக்கெடுப்புப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது என்று கதவையே சாத்திவிட்டது. நியாயமான காரணம்தான், இரகசியம் காக்கப்படும் என்று நம்பித்தானே மக்கள் உண்மையைச் சொல்கிறார்கள்!

பெயர் கிடைக்காவிட்டாலும் அந்த அட்டவணைகள் பயனற்றவை அல்ல. நம் ஊர் அன்று எவ்வளவு பெரியது, எந்தெந்தச் சமூகத்தார் அந்தத் தாலுகாவில் இருந்தார்கள், பஞ்ச காலத்தில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் தெரியும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை நடுவில் வைத்து 1871 எண்ணையும் 1881 எண்ணையும் ஒப்பிட்டாலே ஒரு குடும்பம் ஏன் ஊர் மாறியது என்பதற்குக் குறிப்புக் கிடைக்கலாம். சாதிப் பெயர்கள் மாறிய வரலாறும் அங்கே இருக்கிறது. நாடார் என்ற பெயர் 1921 கணக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய பத்திரத்தில் அதே குடும்பம் வேறு பெயரில் இருக்கலாம். இதை அறியாதவர் தம் குடும்பத்தையே வேறு யாரோ என்று தள்ளிவிடுவார்.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க விரும்புவோருக்கு 1918-இல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம ஆய்வுகள் உண்டு. 1961 கணக்கெடுப்பை ஒட்டி எழுதப்பட்ட தனித்தனிக் கிராம நூல்கள் உண்டு. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

நிலம் பேசும் மொழி

ஆளை எண்ணிய கணக்கு பெயரைத் தள்ளிவிட்டது. தீர்வைக் கணக்கு அப்படிச் செய்ய முடியாது. யாரிடம் வசூலிப்பது என்று தெரிந்தாக வேண்டுமே! அதனால்தான் தமிழ்நாட்டில் குடும்ப வரலாற்றின் முதுகெலும்பு நில ஆவணம்.

இங்கேயும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊர் ரயத்துவாரியா, ஜமீனா, இனாமா? பாராமகால் பகுதியில் கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் தொடங்கி, மன்றோ ஆளுநராக இருந்த 1820-களில் மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறையில் சர்க்கார் ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாகக் கணக்கு வைத்தது. ஆகவே அவர் பெயர் சர்க்கார் ஏட்டில் ஏறியது. இராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் போன்ற ஜமீன்களில் சர்க்காருக்கு ஜமீன்தாரைத் தெரிந்தால் போதும். அவருக்குக் கீழே உழுதவரின் பெயர் ஜமீன் கச்சேரிக் கணக்கில் இருந்திருக்கும்; அரசுப் பதிவேட்டில் பெரும்பாலும் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வரும். பக்கத்துப் பக்கத்து ஊரில் வாழ்ந்த இரு உறவுக் குடும்பங்களில் ஒன்றுக்கு 1860-களிலிருந்து தொடர்ச்சியும் மற்றொன்றுக்கு 1950-களிலிருந்து மட்டும் பதிவும் கிடைப்பதற்கு இதுவே காரணம். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரி 1949 வரை திருவிதாங்கூரிலும் பின் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அவற்றுக்குக் கணக்கும் தனி, தேடும் இடமும் தனி.

இனாம் நிலம் இருந்த குடும்பத்துக்குக் கிடைக்கும் ஆவணம் வேறு யாருக்கும் வாய்க்காது. முந்தைய அரசர்களும் பாளையக்காரர்களும் கொடுத்த மானியங்கள் உண்மையா என்று விசாரிக்க 1858-இல் இனாம் கமிஷன் அமைத்தார்கள். ஒவ்வொரு மானியத்துக்கும் ஒரு வரிசை எழுதினார்கள். முதலில் மானியம் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதலில் வாங்கியவருக்கு என்ன உறவு, வாரிசுகள் யார் யார் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டங்கள். கொடுத்ததை நிறுத்தலாமா என்று பார்க்க எழுதிய கணக்கு, இன்று நமக்கு வம்சாவளிப் பட்டியலாகப் பயன்படுகிறது! இந்த இனாம் பதிவேட்டைப் பலமான சாட்சியமாக, அன்று மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலே 1919-இல் ஏற்றிருக்கிறது. அக்ரகாரத்து மானியதாரர்கள் மட்டும்தான் இதில் இருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். கோயில் நாதஸ்வரக்காரர், தேவரடியார், ஊர்த் தச்சர், நாவிதர், வண்ணார் என்று ஊழியத்துக்காக மானியம் பெற்றவர்களையும் இதில் காணலாம். 1860-இல் ஒரு நாவிதரின் பெயர், வயது, அவர் தகப்பனார் பெயர் ஆகிய மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கும் இருப்பது அரிது.

சாதாரணப் பட்டாதாரருக்கு வழி, நிலத்தை அளந்து தீர்வை விதித்த சர்வே செட்டில்மெண்ட் பதிவேடு. ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுசெட்டில்மெண்ட் நடந்தது. ஒவ்வொரு முறையும் புல எண்ணுக்கு எதிரே பட்டாதாரர் பெயர் எழுதப்பட்டது. கடைசியாக 1979 முதல் 1987 வரை யூடிஆர் என்று நாம் சொல்லும் பதிவேடு புதுப்பித்தல் நடந்தது. இன்று நம் கையில் இருக்கும் சிட்டாவும் 'அ' பதிவேடும் அதிலிருந்து வந்தவை. இதற்கு நடுவே ஒரு முறிவும் உண்டு. 1980 நவம்பரில் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. சமூக நீதிக்கு அது வேண்டிய மாற்றம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் கிடந்த பழைய கணக்குக் கட்டுகள் எல்லாமே தாலுகா அலுவலகம் வந்து சேர்ந்தன என்று யாரும் சொல்ல முடியாது.

பதிவேட்டில் கிடைப்பது பெயர் மட்டும். குடும்பம் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பத்திரப்பதிவு முறைப்படி தொடங்கியது. கிரயம், அடமானம், ஒத்தி, செட்டில்மெண்ட், விடுதலை, பாகப்பிரிவினை என்று எத்தனையோ வகைப் பத்திரங்கள் இருந்தாலும் குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு மிகப் பெரிய வரவு பாகப்பிரிவினைப் பத்திரம்தான். அண்ணன் தம்பிகள் எத்தனை பேர், எந்தத் தாயின் பிள்ளைகள், மைனருக்குக் கார்டியன் யார், விதவையான அத்தைக்கு ஜீவனாம்சமாக எத்தனை கலம் நெல், கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை என்பது வரை அதில் எழுதியிருப்பார்கள். சொத்து யாரிடமிருந்து எப்படி வந்தது என்று சொல்லும் முன்பகுதியை வக்கீல்கள் பாத்தியம் காட்டுவதற்காக எழுதினார்கள். அதில் இரண்டு தலைமுறை மேலே போய்விடலாம்.

தேடும் முறையையும் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் மூலப்பத்திரத்தில் தொடங்குங்கள். அதில் குறிப்பிட்டிருக்கும் முந்தைய பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு அதற்கு நகல் மனுப் போடுங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் எழுதப்படும் முதலாம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு சொல்கிறது. இணையத்தில் வரும் வில்லங்கச் சான்று ஓரளவு காலத்துக்குத்தான் பின்னால் போகும். அதற்கு முன்னால் போக, கையால் தேடும் 'மேனுவல் ஈசி'தான் வழி.

மேலே போகப் போக மூன்று தடைகள் வரும். முதலாவது, புல எண் மாறும். பைமாஷ் எண், பழைய சர்வே எண், ரீசர்வே எண், உட்பிரிவு என்று ஒரே வயலுக்கு நான்கு அடையாளம் இருக்கும். அப்போது நான்கெல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண் மாறினாலும் வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னார் புஞ்சை என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. இரண்டாவது, ஊர் நின்ற இடத்திலேயே நிற்க, தாலுகாவும் ஜில்லாவும் சார்பதிவகமும் மாறும். மூன்றாவது, பெயர். நாம் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுகிறவர்கள். முத்துசாமி மகன் சுப்பையா, சுப்பையா மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் சுப்பையா என்று நூறு ஆண்டுக்கு இரண்டே பெயர்கள் ஓடும். இரண்டு சுப்பையாவை ஒருவராக்கிவிட்டால் நடுவில் ஒரு தலைமுறையே காணாமல் போகும். ஆண்டு, வயது, தகப்பன் பெயர், எல்லை ஆகிய நான்கும் பொருந்தினால் மட்டுமே முடிவுக்கு வாருங்கள்.

தாலி கட்டியதற்குச் சாட்சி

திருமணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயமானது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால். அதற்கு முன் இந்துத் திருமணத்துக்கு ஊரும் உறவுமே சாட்சி. சர்க்காருக்கு அந்தத் திருமணத்தால் வரியும் இல்லை, வழக்கும் இல்லை; ஆகவே எழுதவில்லை. யாருக்குத் தேவைப்பட்டதோ அவர்கள் எழுதினார்கள்.

திருச்சபைக்குத் தேவைப்பட்டது. 1706-இல் மறைப்பணியாளர் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிய காலத்திலிருந்தே ஞானஸ்நானமும் திருமணமும் சாவும் ஏட்டில் ஏறின. பழைய கிறித்தவக் குடும்பங்கள் மற்றவர்களைவிட நான்கைந்து தலைமுறை கூடுதலாகப் போக முடிவதற்கு அதுவே காரணம். ஜமாஅத்துகளின் நிக்காஹ் தப்தர்கள், அதாவது திருமணப் பதிவேடுகள், இன்னொரு வளம். நகரத்தார் சமூகத்துக்கு ஒன்பது கோயில் பிரிவுகள். திருமணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும். மணமானவர் அந்தக் கோயிலின் புள்ளியாகக் கணக்கில் சேருவார். கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்று வாங்கப்படுவதால் புள்ளிக் கணக்கு துல்லியமாக இருந்தாக வேண்டும். திருமணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற மணப் பத்திரம் தனி. அரசு செய்யாததை ஒரு சமூகம் தன் தேவைக்காகத் தானே செய்துகொண்டது.

பிரெஞ்சு அரசோ திருமணத்தைத் தன் கணக்குக்கு உரியதாகக் கருதியது. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிறப்பு, திருமணம், இறப்பு என்று குடிமைப் பதிவேடுகள் உண்டு. பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரக் காப்பகத்திலும் அவை இருக்கின்றன. 1881-இல் வந்த ஆணைப்படி தம் வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொண்டார்கள். காரைக்கால் எல்லையின் இருபுறமும் ஒரே காவிரி வண்டலில், ஒரே மொழி பேசி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள்தாம். எல்லைக்கு அந்தப் பக்கம் மணநாள் எழுதியிருக்கிறது. இந்தப் பக்கம் பெரும்பாலும் இல்லை.

இந்தப் பக்கத்தாருக்கு ஒரே ஆறுதல் மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை, சில சமயம் உறவு முறையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் ஊர்ப் பெயரில் பிழை இருக்காது. பாட்டியின் பிறந்த ஊர் எது என்று தெரியாதவர்கள் தாய்மாமன் மொய் எந்த ஊர்ப் பெயரில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

அம்மா வழி ஏன் அறுந்துபோகிறது

பாட்டியைப் பற்றிச் சொன்னேன். தமிழ்நாட்டின் பழைய நிலப்பதிவேட்டில் பெண் பெயர் வருவது பெரும்பாலும் அவள் விதவையான பிறகு, அல்லது விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கும்போது. அவளுக்கு நிலத்தில் பங்கு இல்லாத வரை கணக்குக்கு அவள் தேவைப்படவில்லை. தந்தை வழியில் ஆறு தலைமுறை சொல்பவர்கூட தாய் வழியில் பாட்டியின் தாயார் பெயருக்குத் தடுமாறுகிறார்.

இது தமிழர் எல்லோருக்கும் உரிய விதி என்று நினைத்துவிடக் கூடாது. யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே 1707-இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்ற வழக்கச் சட்டப்படி ஆணின் பரம்பரைச் சொத்தான முதுசம் வேறு, பெண்ணின் சீதனம் வேறு, இருவரும் சேர்ந்து ஈட்டிய தேடியதேட்டம் வேறு. தாயின் சீதனக் காணி மகளுக்குச் சீதனமாகப் போகும். அதற்குச் சீதன உறுதி எழுதுவார்கள்; அங்கே உறுதி என்றால் பத்திரம். அது திருமண ஆவணம். நில ஆவணமும் அதுவே. போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கி டச்சுக்காரர் விரிவாக்கிய தோம்பு என்ற நிலப்பதிவேட்டில் ஒவ்வொரு காணிக்கும் தனிப் பெயர் உண்டு. பிற்கால உறுதிகளும் அந்தப் பெயரையே சொல்லும். இத்தனை பரப்பு, இன்ன பெயர்க் காணி, இன்னாருக்கு அவர் தாயார் சீதனமாகக் கொடுத்தது என்று உறுதிகளைப் பின்தொடர்ந்தால் மகள், தாய், பாட்டி என்று பெண் வழியிலேயே மேலே போகலாம். உள்நாட்டுப் போரில் உறுதிகளை இழந்த குடும்பங்கள் எவ்வளவு இழந்தன என்பதும் இதிலிருந்தே விளங்கும். பெண் பெயர் ஆவணத்தில் நிற்பதற்கு அவள் கையில் சொத்து நிற்க வேண்டியிருந்தது.

சொத்தாக எழுதப்பட்டவர்கள்

இனி இந்தப் பேச்சின் கடினமான பகுதி. நிலமில்லாதவரைத் தேடுகிறவர் எங்கே போவார்?

நில ஆவணங்களிலேயே சிலர் இருக்கிறார்கள், உரிமையாளராக அல்ல. பழைய ஓலை ஆவணங்களில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட, ஒற்றி வைக்கப்பட்ட மனிதர்களின் பெயர்கள் உண்டு. ஆ. சிவசுப்பிரமணியன் தமிழகத்தில் அடிமை முறை பற்றி எழுதிய நூலில் இதை விரிவாகக் காணலாம். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அதன்பின் அவர்கள் பண்ணையாட்கள் ஆனார்கள். ஆவணத்தில் விலைப்பொருளாக வருவதும் நின்றது. உரிமையாளராக வருவதோ தொடங்கவில்லை.

தொடங்கிய இடம் ஒன்று உண்டு. செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த ஒப்படைப்புப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர்தான் எத்தனையோ தலித் குடும்பங்களுக்கு அரசுக் கணக்கில் ஏறிய முதல் மூதாதையின் பெயர். இன்று பஞ்சமி நில மீட்புக்குப் போராடுகிறவர்கள் அந்தப் பதிவேட்டைத் தேடுவது நிலத்துக்காக. கூடவே அவர்கள் கைக்கு வருவது தம் குடும்ப வரலாறு.

இன்னொரு இடம் கடலுக்கு அப்பால். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16-இல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. 1911 வரை டர்பன் அமைந்துள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு, யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பது வரை எழுதினார்கள். பெண்ணுக்கும் தனி எண். யாருடைய மனைவி என்ற ஒட்டாக மட்டும் அவள் அங்கே இல்லை. மொரீஷியஸில் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இப்படிப்பட்ட பதிவுகளோடு கூலிகளின் புகைப்படங்களும் இருக்கின்றன.

ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதிய கணக்கு அது. விளைவைப் பாருங்கள். வட ஆற்காட்டுச் சேரியிலிருந்து கப்பலேறிய தம்பிக்கு உயரம், தழும்பு, தகப்பன் பெயர் எல்லாம் டர்பன் காப்பகத்தில் கிடைக்கிறது. ஊரிலேயே தங்கிக் கூலிவேலை பார்த்த அண்ணனுக்கு ஒரு வரிகூட இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்த எண்ணோடு வருகிறவர்களுக்கு நாம் உதவினால், அவர்கள் வழியாக இங்கே தங்கியவர்களின் வேரும் தெரியவரும். கிராமப் பெயர் ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதப்பட்டிருக்கும். அதை அந்தத் தாலுகாவின் பழைய கிராமப் பட்டியலோடு வைத்து உரக்கப் படித்தாலே பாதி ஊர்கள் பிடிபட்டுவிடும்.

தேடுவோருக்குச் சில சொற்கள்

குடும்ப வரலாறு தேடுவோர் பெரும்பாலும் பெருமை தேடித்தான் புறப்படுகிறார்கள். சோழன் வழி, பாண்டியன் படைத்தலைவன் வழி என்று எழுதித் தர ஆட்களும் இருக்கிறார்கள். ஆவணம் பெருமையோடு சங்கடத்தையும் கொண்டுவரும். பாட்டனார் வட்டிக்கு நிலம் எழுதி வாங்கியது தெரியவரும். இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்குப் பங்கு மறுத்தது தெரியவரும். ஓலையில் யாரோ ஒருவரை விலைக்கு வாங்கியவர் நம் முன்னோராகவே இருக்கலாம். கண்டதை எழுதும் துணிவு இல்லாதவர் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது. உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை அவர்கள் ஒப்புதலின்றி அச்சிடவும் கூடாது.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். வீட்டிலுள்ள பத்திரம், மொய் நோட்டு, தீர்வை ரசீது எல்லாவற்றையும் இந்த ஆண்டே படியெடுத்துவையுங்கள். கரையானுக்கும் பாகப்பிரிவினைச் சண்டைக்கும் தப்பியவை மிகக் குறைவு. கோயில், தேவாலயம், ஜமாஅத் நிர்வாகிகள் தங்கள் பழைய பதிவேடுகளை மின்வடிவாக்கப் பல்கலைக்கழகங்களோடு கைகோக்க வேண்டும். மூன்றாவது, மாணவர்களுக்கு. உங்கள் ஆய்வேட்டுக்குப் பட்டாதாரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வது எளிது. பண்ணையாள் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் எழுதாததைக் கேட்டு எழுதுங்கள். அவர்களில் மூத்தவர்களின் நினைவு இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுக்குத்தான் கிடைக்கும்.

வம்சாவளிப் பட்டியல் வரையும்போது ஒரு கட்டத்துக்குப் பெயர் கிடைக்காவிட்டால் ஊகித்து நிரப்பாதீர்கள். வெறுமையாகவும் விடாதீர்கள். 'ஜமீன் கிராமம், குடிகள் பெயர் சர்க்கார் கணக்கில் இல்லை', 'பெண், சொத்துரிமை இல்லாததால் பதிவில்லை', 'நிலமற்றவர், யாரும் எழுதவில்லை' என்று காரணத்தை அந்தக் கட்டத்துக்குள் எழுதுங்கள். பெயர் இருந்திருந்தால் ஒருவரைப் பற்றித்தான் தெரிந்திருக்கும்; காரணம் எழுதினால் அந்தக் காலத்தைப் பற்றியே உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவரும்.